குரல் நடுவில் நிற்க வேண்டும்

காயில்காரருக்கு வலது காது கேட்காது. கேட்காமல் போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் காது டாக்டர், அவர் மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். மிச்சம் இவர்.

ஒரு நாள் காலையில் எழுந்தார், வலது பக்கம் சத்தமே இல்லை. அடி பட்டதில்லை, வலி இல்லை, ஒன்றும் இல்லை. குறும்பி அடைத்திருக்கும் என்று இரண்டு வாரம் எண்ணெய் விட்டுப் பார்த்தார். மூன்றாவது வாரம் டாக்டரிடம் போனபோது, "ரெண்டு நாளுக்குள்ள வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாமே" என்றார் அவர். இவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். போன காதைக் கேட்டு அழுதால் திரும்பவா வரப் போகிறது?

தச்சனுக்கு ஒரு காது போனால் நாற்காலி கோணலாகாது. இவர் தொழில் சத்தம் சம்பந்தப்பட்டது. ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர், மேடை மைக், ஸ்டூடியோ சாமான் எல்லாம் பழுது பார்ப்பார். ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் கையாலேயே கம்பி சுற்றித் தருவார். காயில்காரர் என்ற பேர் அப்படி வந்ததுதான். பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு சரி, ஆனால் சுற்று எண்ணுவதில் தப்பு வராது. இப்படிப்பட்ட ஆளுக்குக் காது போச்சு என்று வெளியே தெரிந்தால் எவன் சாமானைக் கொண்டு வருவான்? வாயை மூடிக்கொண்டார்.

வாயை மூடினால் மட்டும் போதவில்லை, ஆள் நடமாட்டத்தையும் குறைக்க வேண்டியிருந்தது. டீக்கடை பெஞ்சில் வலது ஓரம் காலியாக இருந்தால்தான் உட்காருவார். எவனாவது அவருக்கு அந்தப் பக்கம் வந்து ஒட்டி உட்கார்ந்தால், பாதி டீயோடு எழுந்துவிடுவார். சீட்டாட்டத்தில் நாலு பக்கமும் ஆள் இருப்பார்கள், அதனால் சீட்டாட்டம் நின்றது. ரோட்டில் யாரோ கூப்பிட்டிருப்பார்கள், இவர் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பார். "ஆளுக்குத் தலை கனத்துப் போச்சு" என்றார்கள். கனக்கட்டும் என்று விட்டுவிட்டார். விசாரித்து வருகிறவர்களைவிட விட்டுப் போகிறவர்களால் தொந்தரவு குறைவு.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ் வீட்டில் முன் அறை பட்டறை, பின் அறையில் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும். மேல் வீட்டில் அண்ணனும் அண்ணியும். அண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு இப்போது டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அண்ணி சட்டைக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுக்கிறாள். ஒரே மாடிப்படி, ஒரே தண்ணீர்த் தொட்டி. ஆனால் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் இதுதான். அண்ணியின் அம்மா இறந்துபோன அன்று, அண்ணி அழுதுகொண்டே படியிறங்கிப் பட்டறை வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். அப்போது இவர் மேஜைக்கு வலது பக்கம்தான் வாசல். காலுக்கடியில் பழைய ஃபேன் ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இவர் குனிந்து கம்பிக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் இஸ்திரிக்காரர், "என்னங்க, அண்ணியோட அம்மாவை எடுத்துட்டாங்க, நீங்க போகலியா?" என்று கேட்ட பிறகுதான் இவருக்கு விஷயமே தெரியும். அப்போது மேலே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணன் வாயில் ஒரு விஷயம் போனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். நாளை என்பது இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மேஜையை மட்டும் வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

இந்த நிலையில்தான் ஸ்டூடியோ அம்மா வந்தாள். பாட்டு பதிகிற ஸ்டூடியோ வைத்திருப்பவள். நாற்பது வயது இருக்கும், ஆண்பிள்ளை போல முடி வெட்டியிருப்பாள், பேச்சும் வெட்டென்றுதான் இருக்கும். இரண்டு பேர் தூக்குகிற பெட்டி ஒன்றை ஆட்டோவிலிருந்து இறக்கினாள்.

"அண்ணே, இது பழைய ஸ்டீரியோ கம்ப்ரெசர். பண்ண கம்பெனியே இப்ப இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் ஓடுனா அதிசயம். இதே மாதிரி புதுசா ஒண்ணு பண்ணித் தர முடியுமா?"

"கம்ப்யூட்டர்லயே இதெல்லாம் வந்துடுச்சுங்கறாங்களே, மேடம்?"

"வந்துடுச்சு. ஸ்க்ரீன்ல இந்தப் பெட்டியோட படம் அச்சு அசலா இருக்கு. துருகூட அப்படியே போட்டிருக்கான். அந்தச் சத்தம்தான் வரல."

காயில்காரர் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது.

"இது சரியா வந்தா எனக்குத் தெரிஞ்ச ஸ்டூடியோக்காரங்க மூணு பேர் காத்திருக்காங்க. அப்புறம் நீங்க ரிப்பேர்காரர் இல்ல. பெட்டி செய்யற ஆள்" என்றாள்.

அந்த வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்தவன் செய்து கெட்டுப்போனதை ஒட்டுப் போட்டே முப்பது வருஷம் ஓடிவிட்டது. இது கைகூடினால் தன் கையால் ஒரு சாமான். கைகூடாவிட்டால் ஏன் கூடவில்லை என்று தோண்டுவார்கள், காது வெளியே வரும், ரிப்பேர் வேலையும் போகும். இரண்டும் தெரிந்துதான் சரி என்றார்.

கம்ப்ரெசர் செய்கிற வேலை புரியாத வேலை இல்லை. பாடுகிறவர் திடீரென்று குரலை ஏற்றினால் அமுக்கும், இறக்கினால் கையை எடுத்துக்கொள்ளும். கேட்பவனுக்கு அமுக்கியது தெரியக்கூடாது, அதில்தான் சாமர்த்தியம். இந்தப் பெட்டியில் அதற்கு ஒரு சின்ன விளக்கு, அதற்கு எதிரே இரண்டு ஒளிக்கண். ஒளிக்கண் என்பது பட்டன் அளவு சாமான், மேலே வெளிச்சம் பட்டால் மின்சாரத்துக்கு வழி விடும். சத்தம் ஏறினால் விளக்கு எரியும், கண்கள் அதைப் பார்த்துச் சத்தத்தை அமுக்கும். இடது ஸ்பீக்கருக்கு ஒரு கண், வலது ஸ்பீக்கருக்கு ஒரு கண். இரண்டும் ஒரே அளவு அமுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு காதாலும் கேட்பவனுக்குக் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து வருவது போலத் தெரியும். ஒன்று கூடுதலாக அமுக்கினால், நடுவில் நின்று பாட வேண்டியவள் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவாள்.

எட்டு மாதம் உழைத்தார். பழைய ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துச் சுற்று எண்ணி, அதே கனத்தில் கம்பி வாங்கிச் சுற்றினார். தகரம் வெட்டினார், பழைய ரேடியோவில் இருக்கிற கண்ணாடி வால்வு தேடினார். எல்லாம் படிந்து வந்தது. ஒரு இடத்தில் மட்டும் எரிச்சல். விளக்கும் கண்களும் இருந்த சின்ன டப்பாவை, பழைய கம்பெனிக்காரன் கறுப்பு அரக்கு ஊற்றி அடைத்திருந்தான். திறக்க வழியே இல்லை. "மறைச்சு வச்சிருக்கான் பாரு, கஞ்சப் பய. அடுத்தவன் ரிப்பேர் பண்ணிடுவானாம்" என்று திட்டினார். ரிப்பேர்காரன் வயிறு எரியும் இடம் அது. வெளியே நீட்டியிருந்த கம்பிகளில் மீட்டரை வைத்து அளவை எடுத்துக்கொண்டார். தான் செய்த பெட்டியில் அரக்கு வைக்கவில்லை. நாலு திருகு போட்டு அழகான மூடி வைத்தார். எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம், அளக்கலாம். பழையவனைவிட ஒரு படி மேலே போய்விட்டோம் என்று நினைத்தார். இருநூறு ஒளிக்கண் வாங்கி, மேஜை விளக்கின் கீழே ஒவ்வொன்றாக அளந்து, அளவு ஒத்துப்போன இரண்டை எடுத்து உள்ளே வைத்தார்.

பெட்டி ஸ்டூடியோவுக்குப் போனது. மூன்றாம் நாள் போன் வந்தது.

"அண்ணே, நகருது."

"எது?"

"குரல். ஒரு பாட்டு நல்லா இருக்கு. அடுத்ததைப் போட்டா ஒரு பக்கமா சாயுது."

பெட்டியை எடுத்து வந்தார். திருகைக் கழற்றி அளந்தார். இரண்டு கண்ணும் அச்சாக ஒரே அளவு. பீப் என்று ஒரே சீரான சத்தத்தை உள்ளே விட்டு இரண்டு பக்கத்து மீட்டரையும் பார்த்தார். முள் இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி நின்றது. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, "ஒரு குறையும் இல்ல மேடம்" என்றார். அடுத்த வாரம் மறுபடி போன். மறுபடி திறந்தார், மறுபடி அளந்தார், மறுபடி ஒரே அளவு.

மூன்றாம் முறை ஸ்டூடியோ அம்மா விடவில்லை. "நீங்க இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். சுவரெல்லாம் துணி அடித்த அறை. நடுவில் ஒரு சுழல் நாற்காலி, எதிரே இரண்டு பெரிய ஸ்பீக்கர்.

"உக்காருங்க. நீங்களே கேளுங்க."

உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. அவருக்கு எந்தப் பாட்டும் ஒரே பக்கம்தான். யார் பாடினாலும் இடது காதோரம் வந்து நின்று பாடிவிட்டுப் போவார்கள். முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"தெரியுதா?"

"ஆமா. லேசா நகருது."

"எந்தப் பக்கம்?"

ஒரு மூச்சு நேரம் யோசித்தார். பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"வலது பக்கம்."

ஸ்டூடியோ அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன அண்ணே விளையாடுறீங்களா? ஃபுல்லா இடது பக்கம் போய் நிக்குது."

"நான் உங்க பக்கத்துலேர்ந்து சொன்னேன்" என்று எதையோ உளறினார். அவளும் இவரைப் பார்த்தபடிதான் நின்றாள், அதனால் ஏதோ கணக்குப் போட்டு விட்டுவிட்டாள். "அடுத்த திங்கக்கிழமையிலிருந்து வரிசையா பதிவு இருக்கு. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. இல்லேன்னா விடுங்க அண்ணே, நான் ஸ்க்ரீன்ல இருக்கற துருவையே பாத்துக்கறேன்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. வீட்டுக்கு வந்து ஸ்பீக்கர் இரண்டையும் வாசலைப் பார்த்து வைத்தார், ஸ்டூடியோ அம்மா கொடுத்த பாட்டைப் போட்டார். ஹெட்போனை நேராக மாட்டி இடது பக்கத்தைக் கேட்டார், திருப்பி மாட்டி வலது பக்கத்தைக் கேட்டார். ஆனால் நகர்வது ஒரு பக்கத்தில் இல்லையே, இரண்டுக்கும் நடுவில் அல்லவா இருக்கிறது? பாட்டுக்கு ஆடுகிற முள்ளில் அரைக்கோடு கூடியதா குறைந்ததா என்று கண்ணாலும் பிடிக்க முடியவில்லை. ஆகவே திறந்தார், அளந்தார், மூடினார், போட்டார். திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் அண்ணி நின்றாள்.

பேச்சு இல்லாதவர்கள் பேசுகிற பேச்சுக்கு ஒரு முறை உண்டு. கதவைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அண்ணி கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"மூணு நாளா ஒரே பொண்ணு, ஒரே பாட்டு. அவளுக்குத் தொண்டை வலிக்கலேன்னாலும் எங்களுக்குக் காது வலிக்குது. அதையாவது ஒரு இடத்துல நின்னு பாடறாளா? அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே."

காயில்காரர் எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது.

"எந்தப் பக்கம் நடக்கறா அண்ணி?"

இரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு இது. அண்ணி கதவை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன கேள்வி இது? உங்களுக்குக் கேக்கலையா?"

இந்தத் தடவை பாதிக்குப் பாதி என்று யோசிக்கத் தெம்பு இல்லை. "கேக்காது அண்ணி. வலது காது செத்துப்போயி நாலு வருஷமாச்சு."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி மேஜையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மேஜை அப்போது கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மா போன அன்னிக்கு நான் எந்தப் பக்கம் நின்னேன்?"

"தெரியல அண்ணி. நீங்க வந்ததே எனக்குத் தெரியாது."

அழுவாள் என்று நினைத்தார். அண்ணிக்குக் கோபம்தான் வந்தது. "காதுதானே போச்சு? வாய் நல்லாத்தானே இருந்துச்சு? ரெண்டு வருஷம் தம்பி! தண்ணி பிடிக்க வரும்போதெல்லாம் உங்களைச் சபிச்சுக்கிட்டே பிடிச்சேன். அந்தச் சாபத்தையெல்லாம் இப்ப நான் எங்க கொண்டுபோய்க் கொட்டறது?" என்று கத்திவிட்டுப் படியேறிப் போய்விட்டாள். மேலே அவள் அண்ணனிடம் சொல்வது தளம் வழியாக முணுமுணுவென்று கேட்டது. அண்ணன் "அப்படியா?" என்றார். அதற்குப் பிறகு டிவி சத்தம் கூடியது.

வியாழக்கிழமை காலையில் அண்ணி ஒரு கூடைச் சட்டையோடு கீழே வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எங்க உக்காரணும்?"

வாசலுக்கு உள்ளே நடுவாக ஒரு நாற்காலி போட்டார். வழக்கம்போலப் பெட்டியைத் திறந்து அளந்து மூடிவிட்டுப் பாட்டைப் போட்டார். அவள் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள். சாமானைப் பற்றி மட்டும் பேசினாள், வேறு ஒரு வார்த்தை இல்லை.

"இப்ப நடுவுல நிக்கறா."

அரை மணி நேரம் பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. "நடுவுலதான். நடுவுலதான். சலிப்பா இருக்கு, ஆனா நடுவுலதான்."

"பின்ன நேத்து எப்படி நகர்ந்தா?"

"அதை அவகிட்டயே கேளுங்க. அடுப்புல பால் வச்சிருக்கேன், வரேன்."

அவள் போனதும் பாட்டை நிறுத்தினார். பாலோடு அவளுக்கு வேறு வேலையும் இருந்திருக்க வேண்டும், வர முக்கால் மணி நேரமாயிற்று. இவர் பெட்டியைத் தொடவில்லை. சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் வந்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். பாட்டு தொடங்கியது.

"போயிட்டா" என்றாள் முதல் அடியிலேயே. "சன்னல் பக்கம் போயிட்டா."

சன்னல் பக்கம் என்றால் அவளுக்கு இடது பக்கம். திருகைக் கழற்றி மூடியைத் திறந்தார், அளந்தார். ஒரே அளவு. மூடினார், பாட்டைப் போட்டார்.

"திரும்ப நடுவுக்கு வந்துட்டா. என்ன தம்பி பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. திறந்து பாத்தேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் கையில் திருப்புளியோடு அப்படியே நின்றார். திறந்து பார்த்தேன். மேஜை விளக்கின் கீழே திறந்து பார்த்தேன். ஒளிக்கண்ணுக்கு ஒரு குணம் உண்டு, அது அவருக்கும் தெரியும்: பட்ட வெளிச்சத்தை அது உடனே மறக்காது. இருட்டில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறக்கும். ஒன்று சீக்கிரம் மறக்கும், ஒன்று மெதுவாக. பாட்டு விடாமல் ஓடினால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், இரண்டும் ஒத்துப்போகும். ஸ்டூடியோவில் ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எல்லாரும் காபி குடிப்பார்கள், பெட்டிக்குள் இருட்டு, இரண்டும் ஆளுக்கொரு வழியில் போய்விடும். இவர் குறையைத் தேடித் திறந்த ஒவ்வொரு தடவையும் உள்ளே வெளிச்சத்தை விட்டுக் குறையை மறைத்திருக்கிறார். அரக்கு ஊற்றியவன் கஞ்சன் இல்லை. வெளிச்சத்தை உள்ளே விடாமல் கையைக் கட்டிக்கொள்ளத் தெரிந்தவன்.

"மடையன்" என்றார்.

"யாரு?" என்றாள் அண்ணி.

"நாலு திருகு வச்சவன்."

இருநூறு கண்ணையும் பிஸ்கட் டின்னில் போட்டுத் துணி சுற்றி ஒரு பகலும் ஒரு இராவும் இருட்டில் வைத்தார். வெள்ளிக்கிழமை சன்னலுக்குக் கம்பளி அடித்துவிட்டு, அந்த இருட்டிலேயே ஒவ்வொன்றாகக் கம்பி மாட்டி, மீட்டரை மட்டும் வாசலுக்கு வெளியே வைத்து அளந்தார். அளவை வாசிக்க வெளியே ஒரு ஆள் வேண்டும். அண்ணி வாசித்தாள், சந்தைக்காரி மாதிரி உரக்க, அவர் இடது பக்கமாக. எழுபதாவது கண்ணுக்கு மேல் தொண்டை கட்டியது, ஆனாலும் நிறுத்தவில்லை. வெளிச்சத்தில் ஜோடி சேர்ந்தது ஒன்றுகூட இருட்டில் ஜோடி சேரவில்லை. இருநூறில் தேறியது இரண்டே ஜோடி. ஒன்றை வைத்து டப்பாவை மூடி, கறுப்பு அரக்கை உருக்கி ஊற்றினார். சனிக்கிழமை விடிந்ததும் பாட்டைப் போட்டும் நிறுத்தியும் நாலு தடவை பார்த்தாள் அண்ணி.

"நிக்கறா" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு படியேறினாள். சாபத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. அண்ணன் கீழே வரவே இல்லை.

மதியம் ஸ்டூடியோவில் பாட்டுக்காரி ஒருத்தியும், புல்லாங்குழல்காரர் ஒருவரும், ஸ்டூடியோ அம்மாவும் இருந்தார்கள். பெட்டியை மாட்டினார்கள். ஒரு பாட்டு, பிறகு நிறுத்திவிட்டுக் காபி, பிறகு மறுபடி பாட்டு. ஸ்டூடியோ அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். புல்லாங்குழல்காரர் மெதுவாக, "அட, எதிர்ல ஆள் நிக்கற மாதிரியே இருக்கு" என்றார். பாட்டுக்காரி தன் குரலையே வேறு யாரோ பாடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருடைய பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது. காயில்காரருக்கு மட்டும் அந்தப் பெண் எப்போதும் போல இடது காதோரம் நின்று பாடினாள்.

"எப்படி இருக்கு அண்ணே?" என்றாள் ஸ்டூடியோ அம்மா. சந்தோஷத்தில் கேட்ட கேள்விதான். நல்லா இருக்கு என்று சொன்னால் முடிந்தது.

"எனக்குத் தெரியாது மேடம்" என்றார். "எனக்கு ஒரு காதுதான் கேக்கும். அன்னிக்கு வலதுன்னு சொன்னது குருட்டாம்போக்குல சொன்னது."

புல்லாங்குழல்காரர் குழலைத் துடைக்க ஆரம்பித்தார். ஸ்டூடியோ அம்மா பெட்டியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள்.

"அப்ப இதைக் கேட்டது யாரு?"

"எங்க அண்ணி."

"மத்த மூணு ஸ்டூடியோக்காரங்ககிட்ட நான் என்ன சொல்றதுன்னு யோசிக்கணும் அண்ணே. ஒரு காதுல ஸ்டீரியோ பண்ற ஆளுன்னு சொன்னா சிரிப்பாங்க. இதைக் கேட்டா சிரிக்க மாட்டாங்க. ரெண்டுல எதை முதல்ல பண்றதுன்னுதான்" என்றாள். உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"சரிங்க" என்றார் காயில்காரர். பையை எடுத்துக்கொண்டவர், போகாமல் நின்றார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். எங்க நிக்கறா?"

ஸ்டூடியோ அம்மா பாட்டை மறுபடி ஓடவிட்டு, எழுந்து வந்து கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஆள் உயரத்தில், துணி அடித்த சுவருக்கு இரண்டடி முன்னால். அங்கே ஒன்றும் இல்லை. காயில்காரர் பாட்டு முடிகிறவரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.